எச்சில் விரிப்பு

பரணிலிருந்து தையல் மெஷினை இறக்கியதே ஜில்லா ஜட்ஜ் துரைக்காகத்தான். துரை வந்து சாப்பிட்டுப் போய்விட்டால் அது திரும்பவும் மேலே ஏறிவிடும் என்பது குழல்வாய்மொழிக்கு முதல் நாளே தெரியும்.

கலியாணமாகி இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு அந்தக் கைமெஷினும் வண்டியில் வந்தது. மாமியார் உலகம்மாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்குட்டீ? என் மவனுக்குக் கோர்ட்டுல கேஸ் கிடைக்காதுன்னு உங்க அப்பாவுக்கு யாரும் சொல்லிட்டாவளோ?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குழலும் சிரித்தாள். மறுநாள் மெஷின் பரணுக்குப் போயிற்று. உலகம்மாள் கொடுமைக்காரியல்ல. கடகடவென்று தெருவுக்குக் கேட்கிற சத்தம், தையற்கடைச் சத்தம், வக்கீல் வீட்டிலிருந்து வரக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு அந்த மெஷினோடு பகை இல்லை. பரணில் தூசி படியாமல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிவைத்ததும் அவள்தான்.

நாலு வருஷம் கழித்து, சாரல் காலத்தில் ஜில்லா ஜட்ஜ் துரையும் துரைசானியும் குற்றாலத்தில் வந்து தங்கினார்கள். குழலின் புருஷன் குத்தாலிங்கம் அவர்களை ஐந்தருவிப் பாதையில் இருந்த தன் பங்களாவுக்கு ராத்திரி விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தான். அழைத்த பிறகுதான் அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மேஜை நாற்காலியைக் கிளப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சமைக்க மதுரையிலிருந்து பட்லர் சவரிமுத்து வருகிறான். பீங்கான் தட்டும் கரண்டியும் முள்ளும் அவனே கொண்டுவருவான். துணி மட்டும் வீட்டுக்காரர்கள் பொறுப்பு என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான். மேஜைமேல் விரிக்க ஒன்று, ஆளுக்கொன்றாக மடியில் போட்டுக்கொள்ளச் சின்னத் துணிகள்.

"மடியில எதுக்குலே?" என்றாள் உலகம்மாள்.

"சாப்பிடும்போது சிந்தாம இருக்க. வாயையும் அதுலதான் தொடச்சிக்கிடுவாவ."

"அந்த ஊர்ல தண்ணி கிடையாதோ?"

"அம்மா, அது அவுக வழக்கம். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டா துணி வந்து சேரதுக்குள்ள ஜட்ஜ் ஊருக்குப் போயிருவாரு. இங்கன கடைவீதியில அப்படி ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியல."

குழல் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "மெஷின் இருந்தா தச்சிரலாம்" என்றாள். மாமியாரைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

உலகம்மாள் பரணை நிமிர்ந்து பார்த்து, "விருந்து முடிஞ்ச மறுநா மேல ஏத்திரணும்" என்றாள்.

வீட்டு வேலையாள் பலவேசம் ஏணி வைத்து மெஷினை இறக்கினான்.

அகமது கபீர் ஜவுளிக்கடையிலிருந்து வெள்ளை லாங்கிளாத் துணி வந்தது. மேஜையின் நீள அகலத்தைக் குத்தாலிங்கம் ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். விரிப்பு மேஜையோடு நிற்குமா, கீழே தொங்குமா என்று குழல் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவன் துரைமார் வீட்டு மேஜைகளைப் பார்த்திருக்கிறான். ஆனால் பார்த்தபோதெல்லாம் துரையின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். "உனக்கு எது சரின்னு படுதோ அப்படித் தை" என்றான். அவளிடம் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அவசரத்தில் சொன்னது, சொன்னதை அவன் கவனிக்கவும் இல்லை. அவள் நாலு பக்கமும் இரண்டு சாண் கூட்டி வெட்டினாள். தொங்காத துணி, தலைக்கு எட்டாத துண்டு மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

துணியின் அகலம் பற்றவில்லை. இரண்டு துண்டை இணைத்தால் நடுவில் மூட்டுத்தையல் ஓடும். சாப்பிடுகிறவர்கள் கண்ணுக்கு நேரே, வகிடு மாதிரி. அதை எப்படி மறைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். குழம்பு கூட்டும்போதும் யோசித்தாள், மாமியாருக்கு வெந்நீர் விளாவும்போதும் யோசித்தாள். மறைக்க வேண்டாம் என்று கடைசியில் தோன்றியது. இரண்டு துண்டின் ஓரத்திலும் நூலை உருவிவிட்டு, மிஞ்சிய இழைகளைப் பிடிபிடியாகக் கட்டி, இரண்டையும் ஊசியால் கோத்து நடுவில் ஒரு சல்லடைப் பட்டை போல ஓடவிட்டாள். இலஞ்சியில் சின்ன வயதில் வீடு தேடி வந்த பைபிள் அம்மா கற்றுக்கொடுத்த வேலை அது. மெஷினில் ஓடாது, கையால்தான் முடியும். ஓரத்தையும் மடித்துணிகளையும் மெஷினில் தைத்தாள். மூலை மடிப்புகள் தடிக்காமல் உள்ளே வெட்டிக் குறுக்காக மடித்துக் கூராக எடுத்தாள்.

அந்த நாட்களில் அவள் தன்னையே கொஞ்சம் வேடிக்கை பார்த்தாள். யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்திருப்பவள், "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு சாண் ஓட்டினாள். அந்த ஒரு சாணில் அவளுக்கு ஏதோ கள்ளத்தனமான சந்தோஷம். இது ஏன் இத்தனை பிடிக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். அவள் செய்கிற வேலை எதுவும் அந்த வீட்டில் பொழுது சாயும்வரை தங்கியதில்லை. தோசை வயிற்றுக்குள் போயிற்று; துலக்கிய பாத்திரம் அடுத்த வேளைக்குக் கரியாயிற்று. தைத்தது மட்டும்தான் மறுநாள் எழுந்து பார்க்கும்போது, விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. அதனால்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

உலகம்மாள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். "கலியாணச் சேலை கணக்கா இழைக்கியே. மாட்டுக்கறிக் கொழம்பு சிந்தப்போற துணிக்கு இவ்வளவு வேணுமாட்டீ?"

"ஆட்டுக்கறின்னுதான் சொன்னாவ, அத்தை."

"ஆமா, அது ரொம்ப ஆசாரம்."

விருந்து நல்லபடியாக நடந்தது. விடிந்ததும் குத்தாலிங்கம் குற்றாலத்திலிருந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாக இட்லி தின்றுகொண்டே சொன்னான். சமையல், பங்களாவின் பின்னால் போட்ட கொட்டகையிலேயே நடந்ததாம். அடுக்களைக்குள் கவிச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். துரை மூன்று தடவை சிரித்தாராம். ஆடி மாசத்தில் கலெக்டர் வருகிறாராம். அவரையும் கூப்பிடச் சொன்னாராம்.

"துரைசானி அந்த விரிப்பைத் தடவித் தடவிப் பாத்தா. மெட்ராஸ்ல எந்தக் கடைன்னு கேட்டா."

குழல் தட்டில் சட்னியை ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னிய?"

"மவுண்ட் ரோட்டுல ஒரு கடைன்னு சொல்லிட்டேன். வீட்டுல தச்சதுன்னு சொன்னா மதிப்பாவளா?"

சுருக்கென்று வலிக்கும் என்று குழல் ஒரு கணம் காத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் மனம் வேறொரு இடத்தில் நின்றிருந்தது. கலெக்டர் வருகிறார் என்றால் மெஷின் ஆடி வரைக்கும் கீழே இருக்குமா?

அதற்கான பதிலை உலகம்மாள் வண்டியில் சொன்னாள். குத்தாலிங்கம் கோர்ட்டுக்குப் போனபின், பங்களாவைக் கழுவிவிட்டு அருவியில் குளித்து வர மாமியாரும் மருமகளும் வில்வண்டியில் புறப்பட்டிருந்தார்கள். இலஞ்சி தாண்டும்போது சாரல் பிடித்தது.

"அந்தத் துணியள எடுத்து மாடத்திகிட்ட வெளுக்கப் போட்டுரு. வெளுத்து வந்ததும் அருவித் தண்ணியில ஒரு முக்கு முக்கி, பங்களாவுலயே ஒரு பொட்டியில வச்சிரு. கலெக்டருக்கும் அதையே விரிச்சிரலாம். வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாரப்படாது."

"சரி, அத்தை."

"சாயங்காலம் பலவேசம் வருவான். மெஷின மேல ஏத்திரச் சொல்லியிருக்கேன்."

"சரி, அத்தை" என்றாள் குழல் மறுபடியும். வண்டியின் கூண்டுக்கு வெளியே கையை நீட்டினாள். சாரல் கைமேல் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பங்களாவில் காவல்காரன் சுடலையாண்டி குளித்துத் திருநீறு பூசி நின்றிருந்தான். வேலையை முடித்துவிட்டவனின் நிறைவு அவன் முகத்தில் இருந்தது. பட்லர் தன் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டு முதல் ரயிலுக்கே போய்விட்டானாம்.

கூடத்தில் மேஜை வெறுமையாக இருந்தது. வெறுமை என்றும் சொல்ல முடியாது. கிளப்பின் தேக்கு மேஜை முழுவதும் சாணி போட்டு வழுவழுவென்று மெழுகியிருந்தது. ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது.

"என்னலே இது?" என்றாள் உலகம்மாள்.

"எச்சி இட்டுருக்கேன், ஆச்சி. தின்ன எடமாச்சே. கவிச்சி வேற. தரையில தின்னிருந்தா தரைக்கு இடணும், இவுக மேல ஏறித் தின்னாவ."

உலகம்மாள் ஒரு கணம் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

"மேஜைமேல கிடந்த துணி எங்க, சுடலை?" என்று கேட்டாள் குழல்.

"எதும்மா? இலை மாதிரி விரிச்சிருந்ததா? எடுத்தாச்சே. தின்னுட்டு எந்திரிச்சதும் ஒரு பக்கத்துல இருந்து சுருட்டி, வாய் தொடச்ச துண்டு துணியெல்லாம் உள்ள போட்டு, எலும்போட சேத்து எச்சிக்குழியில கொட்டிட்டேன். கரண்டி ஒண்ணு உள்ள கெடந்துது, அதப் பாத்து எடுத்துப் பட்லர்கிட்டக் குடுத்துட்டேன்." கரண்டியைத் தப்பவிடாததற்காக அவன் ஒரு பாராட்டு வார்த்தை எதிர்பார்த்தான்.

அவனைத் திட்ட முடியாது. அந்தப் பங்களாவில் நடந்த எத்தனையோ பந்தியில் அவன் அப்படித்தான் எடுத்திருக்கிறான். எதன்மேல் வைத்துத் தின்கிறார்களோ அதைத் தின்று முடித்ததும் தூர எறிய வேண்டும். துரைமாருக்கு இலை துணியில் இருக்கும் போல என்று நினைத்திருக்கிறான். பார்க்கப்போனால் எறியாமல் வைத்திருந்து அதன்மேலேயே இன்னொருவர் தின்பதுதான் விசித்திரம்.

"நீ போய் என்னன்னு பாரு" என்றாள் உலகம்மாள். அவள் குழிப்பக்கம் வரமாட்டாள். இனிமேல்தான் குளிக்கப்போகிறாள் என்றாலும் வரமாட்டாள்.

பின்னால் பலாமரத்தடியில் எச்சில் குழி. பங்களாவின் படுக்கை விரிப்புகளை எடுக்க வந்த மாடத்தி, மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை போட்டபடி அங்கே நின்றிருந்தாள். அவள்தான் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெளுப்பவள். ஒரு நாய் மடித்துணி ஒன்றை இழுத்துக்கொண்டு வேலியோரம் போய்விட்டிருந்தது. குழிக்குள், சாரலில் நனைந்த விரிப்பு பாதி சுருளோடு கிடந்தது. குழம்பின் மஞ்சள், சேறு, வாழைத்தோல், எலும்பு. கறி நாற்றம் வேறு. குழல் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கிடந்த கம்பு ஒன்றை எடுத்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள்.

கிழியவில்லை. நடுவில் ஓடிய சல்லடைப் பட்டை முழுசாக இருந்தது. ஒரு இழை விடவில்லை. மழை அந்த இடத்தை மட்டும் கழுவிவிட்டிருந்தது.

"குடுங்கம்மா, நான் எடுக்கேன்" என்றாள் மாடத்தி. "உவர்மண்ணு போட்டு ஒரு வெள்ளாவி வச்சா கொக்கு மாதிரி ஆயிரும். இதவிட மோசமால்லாம் வெளுத்திருக்கேன். பிள்ளப் பெத்த வீட்டுத் துணிய வெளுக்கவளுக்கு இது ஒரு கறையா?"

கம்பு குழலின் கையில் இருந்தது. துணியின் ஓரம் கம்பின் நுனியில் தொங்கியது.

இதை இப்போது எடுத்தால், இது வெள்ளையாகிப் பெட்டிக்குள் போகும். ஆடியில் கலெக்டருக்கு விரிப்பார்கள். அடுத்த வருஷம் வேறொரு துரைக்கு விரிப்பார்கள். நல்ல லாங்கிளாத், பத்து வருஷம் உழைக்கும். அவள் தைத்தது பத்து வருஷம் அங்கே தங்கியிருக்கும், அவள் ஆசைப்பட்டபடியே. அந்தப் பத்து வருஷமும் மெஷின் பரணில் இருக்கும்.

தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில் பொய் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. தங்குவது அல்ல அவளுக்குப் பிடித்தது. தங்குகிறதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக மனம் துள்ளவில்லை. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டின அந்த ஒரு சாண்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது கிடைப்பதற்கு இந்தத் துணி இல்லாமல் போகவேண்டும். இத்தனை எளிதாக அந்தக் கணக்கு மனசில் ஓடியதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"என்னட்டீ, தேறுமா?" உலகம்மாளின் குரல் பின்வாசலிலிருந்து வந்தது.

குழல் திரும்பினாள். மாமியார் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அங்கிருந்து குழி தெரியாது.

"தேறாது, அத்தை" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நாய் கடிச்சுக் கொதறிட்டு."

மாடத்தி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். குழலையும் பார்த்தாள், துணியையும் பார்த்தாள். உலகம்மாளின் காலடிச் சத்தம் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள்.

"எந்த நாயும்மா?" என்றாள் மெதுவாக.

"நீயே எடுத்துக்கோ, மாடத்தி. வெளுத்து உனக்கு வச்சுக்கோ. ஆனா முழுசா வச்சிராத. வெட்டிரு."

"இம்புட்டு நல்ல துணியவா? என் மவளுக்குப் போத்திக்கிடக் குடுப்பேனே."

"போத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா அத்தைக்கு அடையாளம் தெரியும். நடுவுல இருக்கு பாரு பட்டை, அதோட சேத்து வெட்டு."

"நல்லா இருக்கே" என்றாள் மாடத்தி. "பொய் சொல்லுதது நீங்க, வெட்டுதது நானா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வெட்டிக் குடுங்க, எடுத்துக்கிடுதேன்."

குழல் அவளைப் பார்த்தாள். மாடத்தி சிரிக்கவில்லை. தன் இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினாள்.

குழல் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் குனிந்தாள். ஈரத் துணியைக் கையால் பிடித்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது, கை கூசியது, ஆனால் விடவில்லை. பாக்குவெட்டியால் பட்டையின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். சல்லடை வழியாகத் துணி சுலபமாகக் கிழிந்துகொண்டு போயிற்று. இழை ஒவ்வொன்றும் விடுகிற மெல்லிய சத்தம் கேட்டது. எந்தக் கட்டு எந்த நாள் போட்டது என்று கை சொல்லிக்கொண்டே வந்தது. பாதியில் ஒரு இடத்தில் கிழிசல் நின்றது. அங்கே நூல் தீர்ந்துபோய்ப் புது நூலால் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

இரண்டு துண்டையும் மாடத்தி மூட்டையில் திணித்துக்கொண்டாள். மடித்துணிகளையும் பொறுக்கிக்கொண்டாள். "கைய நல்லாக் கழுவிக்கிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அருவியில் அன்றைக்கு நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெரிந்தது. குழல் வழக்கத்தைவிட நேரம் நின்று குளித்தாள். உலகம்மாள் கரையேறி அவளுக்காகக் காத்திருந்தாள்.

சாயங்காலம் குத்தாலிங்கம் வந்து எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். துணி போனதைவிடக் கிளப் மேஜைக்குச் சாணி மெழுகினதுதான் அவனைக் கலக்கிற்று. "செக்ரட்டரிக்கு என்ன பதில் சொல்லுவேன்? அந்த மேஜையில துரைமார் சீட்டு ஆடுவாவ!"

"கழுவினா போயிரும். சாணியில என்ன வெஷமா இருக்கு?" என்றாள் உலகம்மாள்.

"சரி, கலெக்டருக்கு என்ன விரிக்க?"

பலவேசம் ஏணியும் கயிறுமாக முற்றத்தில் வந்து நின்றான். உலகம்மாள் அவனைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். "ஆடி கழிஞ்சு வாலே" என்றாள். அவன் ஏணியைச் சாத்திவிட்டுப் போனான். குத்தாலிங்கம் கிளப்புக்கு ஆள் அனுப்ப வெளியே போனான்.

கூடத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். உலகம்மாள் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"நாய் எங்கனட்டீ கடிச்சுது?"

"நடுவுல, அத்தை."

"மூலையில பிடிச்சு இழுக்காம நடுவுல போயிக் கடிச்சிருக்கு." திரியை விளக்கில் போட்டு எண்ணெய் விட்டாள். "கலெக்டர் வந்துட்டுப் போனதுக்கப்புறமும் அந்த நாய் வருமோ?"

குழலுக்கு முகம் சூடாயிற்று. வராது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்துவிட்டாள். இன்னொரு விரிப்பு, இன்னும் நுணுக்கமாகக் கையால் கட்டியது, அந்தக் குழியோரத்தில் தன் கையில். அப்போது இழுப்பேனா? இழைகள் விட்ட அந்தச் சத்தம் இன்னும் விரல்களில் இருந்தது.

"தெரியல, அத்தை" என்றாள். அன்றைக்கு அவள் மாமியாரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

உலகம்மாள் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

"உலை வச்சாச்சா?" என்றாள்.

"இந்தா வைக்கேன், அத்தை" என்று குழல் எழுந்தாள்.